அவர் குதிரை ஏறினாரா

அண்ணே,

இன்று காலை எதிர்வீட்டில் கொள்ளு வேகவைத்தார்கள். அந்த வாடை சன்னல் வழியே வந்ததும் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டேன்.

பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரஷ்ய நாட்டுப் பிரபுவும் குதிரைப்படை அதிகாரியுமான ஒருவரின் வரலாற்றை மதுரையில் இருந்துகொண்டு எழுதப் புகுந்தவள் நான். பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றவள். அகராதியின் துணையால் ஆங்கிலம் கற்றவள். எனக்குத் தெரியாதது குதிரை ஒன்றுதான். திருமங்கலம் சாலையில், கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை அனுப்பிக்கொண்டிருந்த உங்களிடம் அதற்காகவே வந்தேன். ஞாயிறுதோறும் லாயத்து வாசலில் அமர்ந்து நான் வாசிப்பேன். நீங்கள் குதிரையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே கேட்பீர்கள்.

"குதிரைக்கு என்ன திங்கக் குடுத்தாங்கன்னு எழுதவே இல்லையே, தங்கச்சி. அவரு மட்டும் விருந்து சாப்பிடுறாரு."

நீங்கள் சொன்ன பக்குவத்திலேயே, ஊறவைத்த கொள்ளை அந்தப் படை முழுவதற்கும் ஊட்டினேன். ஏழு அத்தியாயங்கள் கடந்த பிறகே, அந்நாட்டில் கொள்ளு கிடையாது, ஓட்ஸ்தான் என்று படித்தறிந்தேன். கடுத்த முகத்தோடு வந்து சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"அப்ப நம்ம கொள்ளத் தின்னுதான் அம்புட்டுச் சண்டையும் செயிச்சிருக்காரு. அழிச்சுப்புடாத."

அழித்தேன். ஓரிடம் விடாமல் அழித்தேன். அன்றுமுதல் பிழை என்றாலே எனக்கு அச்சம். செம்மையுறாத பக்கம் எதையும் உங்கள் முன் வாசிப்பதில்லை என்று உறுதி பூண்டேன்.

கடைசி அத்தியாயம் மட்டும் எஞ்சியிருந்தது. காலில் குண்டு பாய்ந்த அவர், தம் பண்ணை வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தார் என்பதுவரை கேட்டிருந்தீர்கள். அதற்குள் லாயத்தில் வழுக்கி விழுந்து உங்களுக்கே இடுப்பெலும்பு முறிந்தது. மருத்துவமனையிலிருந்து உங்கள் மகளின் போனில் அழைத்தீர்கள்.

"அவரு திரும்பக் குதிரை ஏறுனாரா, இல்லையா? அத மட்டும் சொல்லு, தங்கச்சி."

"இன்னும் திருத்தம் முடியலண்ணே. வியாழக்கிழமை வாரேன், முழுசா வாசிக்கிறேன்."

"ஒரு வார்த்தைதான கேட்டேன். சரி விடு, ஒம் பிரபு மெதுவாத்தான் வாராரு."

புதன்கிழமை விடியலில் நீங்கள் போய்விட்டீர்கள்.

ஏறவில்லை, அண்ணே. அதன்பின் அவர் ஒருமுறைகூடக் குதிரை ஏறவில்லை.

அதைக் கேளாமல் போனதே நல்லது, கேட்டிருந்தால் மனமொடிந்திருப்பீர்கள் என்று உங்கள் மகள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள். அந்த ஆறுதலைப் பெற எனக்குத் தகுதியில்லை. இரக்கம் கொண்டு நான் மறைக்கவில்லை. ஒரு வாக்கியத்தின் முடிவு எனக்கு நிறைவளிக்கவில்லை. அதற்காகவே உங்களைக் காக்கவைத்தேன்.

அந்தப் பக்கத்தை எங்கு சென்றாலும் கைப்பையில் கொண்டுசெல்கிறேன். பேருந்தில் எடுத்துப் படிக்கிறேன், ஒரு சொல்லை மாற்றுகிறேன், பழையபடியே மீண்டும் எழுதுகிறேன். அந்த வாக்கியம் இன்னும் சரியாக அமையவில்லை.