யாரும் வாங்க வராத பிடியரிசி

பாறசாலை
10.11.2024

அன்புள்ள ஆர்ஷா அப்பாவுக்கு,

கர்த்தர் இந்த வாரமும் என்னைக் கைவிடவில்லை. வலது முழங்கால்தான் கைவிட்டிருக்கிறது. உங்கள் உடம்பு எப்படி? ஜெயிலில் சப்பாத்திப் பிரிவில் போட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இருபத்தேழு வருஷத்தில் எனக்கு ஒரு சப்பாத்தி உருட்டித் தந்ததில்லை. வாருங்கள், பார்த்துக்கொள்கிறேன்.

போனில் பேசினால் பின்னால் ஆள் நிற்கிறார் என்று ஐந்து நிமிஷமும் "சரி, சரி" என்கிறீர்கள். பார்க்கவும் வரக்கூடாது என்கிறீர்கள். அதனால் எழுதித் தொலைக்கிறேன்.

கோயிலில் கடைசிப் பெஞ்சில் இருந்துவிட்டு, ஆசீர்வாதம் கூறி முடிக்குமுன் எழுந்து வந்துவிடுகிறேன். சற்குணம் அக்கா எப்போதும்போல மூன்றாம் பெஞ்சில். அவளுடைய ஒரே பிள்ளை சிபி உங்கள் வண்டியில் அடிபட்டுப் போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. இன்னும் அவள் முதுகைத்தான் நான் பார்க்கிறேன். அவள் வீட்டைத் தாண்டித்தான் நம் வீட்டுக்கு வர வேண்டும் என்பதால் ரப்பர் தோட்டம் வழியாகச் சுற்றி வருகிறேன். முழங்கால் வலிக்கு அதுதான் காரணம்.

சபையில் யாரும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. ஒருவரும் ஒன்றுமே சொல்வதில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. உலை வைக்கும்போதெல்லாம் கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசி தகர டப்பாவில் போடுவேன் அல்லவா, அதை நிறுத்தவில்லை. முன்பு சனிக்கிழமைதோறும் பெண்கள் சங்கத்தில் யாராவது பையோடு வந்து வாங்கிப் போவார்கள். நீங்கள் உள்ளே போனபின் யாரும் வரவில்லை. போன வாரம் ரெம்யா பையோடு போவதை ஜன்னலில் பார்த்தேன். நம் கேட் வந்ததும் குடையைத் தாழ்த்திக்கொண்டாள். அன்று மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

டப்பா நிறைந்து, வண்டு வந்து, இரண்டு தடவை புடைத்துக் காயவைத்தேன். நானே கோயிலில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். வாங்க வேண்டியவர்கள் வாசலுக்கு வரட்டும் என்று ஒரு வீம்பு.

உங்கள்
சுசீலா


பூஜப்புரை
24.11.2024

அன்பான சுசீலா,

கடிதம் கிடைத்தது. நான் நலம். சப்பாத்தி இப்போது வட்டமாக வருகிறது.

நாலு நாளாக யோசித்து இதை எழுதுகிறேன். வீட்டை விற்றுவிடுவோம். கல்லாற்றில் உன் தம்பி பினுவின் டீக்கடைக்குப் பின்னால் இரண்டு அறை காலியாக இருக்கிறதாம். நான் வெளியே வந்ததும் நேராக அங்கே போய்விடலாம். அங்கே நம்மை யாருக்கும் தெரியாது. சற்குணத்தின் வாசலைக் கடந்து நடக்க என் காலுக்குத் தைரியம் இல்லை. நீயும் எத்தனை காலம் தோட்டத்தைச் சுற்றுவாய்?

அந்த அரிசியைக் கோழிக்குப் போடு. நம் வீட்டு அரிசி இனி யாருக்கு வேண்டும்?

இன்னொன்று. ஜெபிக்கச் சொல்லி எழுதாதே. ஞாயிறுதோறும் வெளியிலிருந்து ஒரு ஜெபக்குழு வருகிறது. பாட்டு அடுக்களை வரை கேட்கும். மாவு பிசைய வேண்டும் என்று சொல்லி நான் நின்றுவிடுவேன். பதினெட்டு வருஷம் ஞாயிறு பள்ளி நடத்தியவன் என்று இங்கே யாருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

சுவாமிதாஸ்


பாறசாலை
12.01.2025

அன்புள்ள ஆர்ஷா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதியிருந்தால் நன்றாகத் திட்டியிருப்பேன். அதனால் கிறிஸ்துமஸ் கழியட்டும் என்று இருந்தேன். ஆர்ஷாவுக்கு பெங்களூர் ஆஸ்பத்திரியில் லீவு கிடைக்கவில்லை. ஒரு ஆளுக்கு என்ன கேக், என்ன பிரியாணி? கஞ்சியும் பயறும் வைத்தேன். ஆண்டவர் கோபித்துக்கொள்ளவில்லை.

ஒன்று சொல்கிறேன், சிரிக்கக்கூடாது. தினமும் ஏழு மணிக்கு நான் தனியாகக் குடும்ப ஜெபம் நடத்துகிறேன். அன்றைக்குப் பழக்கத்தில் பாட்டு எண்ணைச் சத்தமாகச் சொல்லிவிட்டு, நீங்கள் கண்ணாடியைத் தேடிப் போட்டுப் பக்கம் எடுக்கட்டும் என்று காத்திருந்தேன். நல்ல நேரம் காத்திருந்தபிறகுதான் வீட்டில் ஆளில்லை என்று உறைத்தது. முதலில் அழுகை வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. பிறகு உங்கள் தவளைக் குரலில் கீழ்ஸ்தாயியையும் நானே பாடினேன். பாடப் பாட நெஞ்சில் ஒரு சந்தோஷம், ஆர்ஷா அப்பா. எனக்கு என்ன இருக்கிறது சந்தோஷப்பட? ஆனாலும் வந்தது. என்னோடு இன்னொருவரும் அந்த நேரம் முழுக்கக் காத்திருந்தார் என்று தோன்றியது. அன்று பயமில்லாமல் தூங்கினேன்.

இந்த வீட்டில் கிடைத்ததை விட்டுவிட்டு நான் கல்லாற்றுக்கு வரமாட்டேன். நீங்கள் போனால் தனியாகத்தான் போக வேண்டும். ஜெபிக்கவும் சொல்வேன். ஏன் முடியவில்லை என்று எழுதுங்கள். மூன்று வருஷமாக என்னிடம் எதையோ மறைக்கிறீர்கள்.

உங்கள்
சுசீலா


பூஜப்புரை
02.03.2025

அன்பான சுசீலா,

கேட்டாய், எழுதுகிறேன். எழுதியபின் இதைப் பற்றி என்னிடம் பேசாதே.

அன்று டவுனில் சாலை மார்க்கெட்டில் நேந்திர வாழைக்குலை இறக்கிவிட்டுத் திரும்பும்போது கண் அசந்தேன். அது உனக்குத் தெரியும், கோர்ட்டுக்கும் தெரியும். ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷம் ஆனது. சிபியின் தலை என் மடியில் இருந்தது. அவனுக்கு நினைவு இருந்தது. நான்தான் என்றும் தெரிந்திருந்தது. "சாரே" என்று கூப்பிட்டான்.

ஆறு வயதில் நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் சங்கீதத்தைச் சொல்லத் தொடங்கினான். இரண்டு வரி சொன்னான். மூன்றாவது வரவில்லை. என் முகத்தைப் பார்த்து, "சாரே, பிறகு என்ன?" என்று கேட்டான். வகுப்பில் எழுந்து நின்று கேட்பானே, அதே மாதிரி.

எனக்கு வாய் வரவில்லை, சுசீலா. எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வரி! ஒரு சொல் வரவில்லை. அவன் இன்னொரு தடவை கேட்டான். பிறகு கேட்கவில்லை.

வண்டி ஓட்டியதற்குத் தண்டனை தந்தார்கள். இதற்கு யாரும் தரவில்லை. நான் எந்த வாயால் ஜெபிக்க? கல்லாற்றுக்கு நீ வராவிட்டால் நான் தனியாகவே போகிறேன்.

சுவாமிதாஸ்


பாறசாலை
15.06.2025

அன்புள்ள ஆர்ஷா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று மாதம் என்னால் பேனா எடுக்க முடியவில்லை. நான் பெற்ற பிள்ளையைப் போல உங்களை நினைத்து அழுதேன். இதைப் பற்றிப் பேசக்கூடாது என்றீர்கள். நேற்று நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது.

நேற்று சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கேட் சத்தம். பையோடு சற்குணம் அக்கா. "அரிசி எடு பிள்ளே" என்றாள், போன வாரமும் வந்தவள்போல. இந்த வருஷம் நம் பகுதியில் வாங்குகிற முறை அவளுக்காம். நம் வீட்டை விட்டுவிடலாம் என்று ரெம்யா சொன்னாளாம். "அத நீங்க தீருமானிக்காண்டாம்னு சொன்னேன்" என்றாள்.

டப்பாவை அப்படியே கவிழ்த்தேன். பை கொள்ளவில்லை. "இவ்வளவும் ஒத்த ஆளு சோத்திலயா மாத்தி வச்சே?" என்று கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையை உயர்த்தித் தடுத்தாள்.

"எனக்கு இன்னும் ஆறல்ல, சுசீலா. பொய் சொல்லப்பிடாது. ஆனா ஒரு காரியம் சார்கிட்ட கேக்கணும். எம்பிள்ள கடைசியா என்ன சொன்னான்? கோர்ட்டில ஆரும் கேட்டில்ல. மூணு வருஷமா முட்டுக்கால்ல நின்னு ஆண்டவர்கிட்ட கேக்கேன். சாருக்கு மட்டும்தான் அது அறியும். அவரு எங்கயும் போயிரப்பிடாது."

எனக்குத் தெரியும் என்று நாக்கு நுனி வரை வந்தது. கடித்துக்கொண்டேன். சொல்ல வேண்டியது நீங்கள். உங்களுக்குச் சுமையாக இருப்பதற்குத்தான் அந்தத் தாய் ஏங்கிக்கொண்டிருக்கிறாள். பிள்ளை ஜெபித்துக்கொண்டு போனான் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. கல்லாற்றுக்குப் போவதானால் அதையும் எடுத்துக்கொண்டு போவீர்கள். அப்புறம் உங்கள் இஷ்டம்.

உங்கள்
சுசீலா


பூஜப்புரை
20.07.2025

அன்பான சுசீலா,

ஐந்து வாரம் ஆகிவிட்டது. நீ என்ன நினைத்திருப்பாய் என்று தெரியும்.

இன்று ஞாயிறு. மாவை அப்படியே வைத்துவிட்டுக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தேன். முடியும் நேரத்தில், சாட்சியோ வசனமோ சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்றார்கள். நான் எழுந்து அந்தச் சங்கீதத்தைச் சொன்னேன். மூன்றாவது வரியில் நின்றேன். யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. பிறகு வந்தது. கடைசி வரை சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் என் தோளில் கை வைத்திருந்தார், பெயர் கேட்கவில்லை. அழுதேன்தான். ஆனால் நீ எழுதிய அந்தச் சந்தோஷம் என்ன என்று கொஞ்சம் புரிந்தது.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி காலையில் விடுகிறார்கள். பினுவிடம் அறை வேண்டாம் என்று சொல்லிவிடு. நீ கூட்டிப்போக வர வேண்டாம். பஸ்ஸை விட்டிறங்கி நேர்வழியில் நடந்து வருகிறேன். முதலில் சற்குணத்தின் வீட்டில் ஏறுவேன். அவன் சொன்னதையும் கேட்டதையும், நான் வாய் மூடி இருந்ததையும் அவளிடம் சொல்ல வேண்டும். அவள் எவ்வளவு நேரம் கேட்டாலும் இருப்பேன். வெளியே போ என்றாலும் சொல்லிவிட்டுத்தான் போவேன்.

அன்று நான் வீடு வந்து சேர நேரமாகலாம். நீ காத்திராமல் சாப்பிட்டுவிடு.

உன்
சுவாமிதாஸ்