சட்டி புகைகிறது மதினி, யாரும் ஓடவில்லை

அன்பும் பாதிக்குப் பாதி கோபமுமாக நான் நினைத்துக்கொண்டிருக்கும் என் பேச்சி மதினிக்கு,

முதலில் நல்ல சேதி. நான் ஜெயித்துவிட்டேன். உங்களிடம் சொல்லாமல் இந்த ஜெயிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? நீங்கள் இருந்திருந்தால், "ஆமா, பெரிய ஜெயிப்பு" என்று முகத்தை ஒரு வெட்டு வெட்டிவிட்டு அடுப்படிக்குள் போயிருப்பீர்கள். உள்ளே போய் எனக்குத் தெரியாமல் சிரித்திருப்பீர்கள். அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்கிற ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன்.

தை மாதம் நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அன்றைக்கு அழுததை எழுத மாட்டேன். பதினாறாம் நாள் கழிந்து உறவெல்லாம் கிளம்பிப் போன பிறகு அழுததைச் சொல்கிறேன். சீரகம் எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாமல் அடுப்படியில் நின்று அழுதேன். பதினாலு வருசம் வாழ்ந்த வீட்டில் ஒருத்திக்குச் சீரகம் இருக்கும் இடம் தெரியவில்லை. வெளியே சொன்னால் சிரிக்க மாட்டார்களா?

அதற்கு நீங்கள்தான் காரணம். புருசன் வீடு சரிப்படாமல் திரும்பி வந்து, பிறந்த வீட்டு அடுப்படியைக் கையில் எடுத்தவர் நீங்கள். உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு நான் வந்த முதல் வாரமே, அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனியிலிருந்து வேனில் வந்து இறங்கியவளை நிலைப்படியில் கையை நீட்டி மறித்தீர்கள். "மருந்துக் கையோட உள்ள வராத. குளிச்சிட்டுச் சோத்துக்கு மட்டும் வா."

பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் எல்லாரும் சொல்வதுதான். நகக்கண்ணில் வெடிமருந்து ஒட்டியிருந்தால் அடுப்புப் பக்கம் போகக் கூடாது. ஆனால் மற்ற வீடுகளில் குளித்த பிறகு விடுவார்கள். நீங்கள் குளித்த பிறகும் விடவில்லை, லீவு நாளிலும் விடவில்லை. அடுப்படியை யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனுசி என்று தெருவெல்லாம் உங்களைப் பற்றிப் பேசியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்பேன் என்று பார்க்காதீர்கள். நீங்களும் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறீர்கள், எல்லாம் என் காதுக்கு வந்தது.

நீங்கள் போன பிறகு வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? தினமும் பரோட்டாப் பொட்டலம்தான். உங்கள் தம்பி லோடு இறக்கிவிட்டு வரும்போது வாங்கி வருவார். என் மகள் காவ்யா போனைப் பார்த்துக்கொண்டே தின்பாள். உங்கள் அப்பா இரண்டு வாய் பிய்த்துப் போட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார். "பேச்சியோட என் நாக்கும் செத்துப் போச்சுத்தா" என்பார். சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது அவருக்கு.

அந்த நேரம் பார்த்துத்தான் போர்மேன் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "முத்துமாரி, தீவாளி முடிஞ்சு கம்பெனி தொறக்கும்போது பன்னெண்டு ரூமுக்கு ஒரு சூப்பர்வைசர் வேணும். நீ ஏத்துக்கிடுதியா?"

எனக்கு அந்த வேலை வேண்டும் மதினி. பதினாலு வருசம் குனிந்து உட்கார்ந்து வெடிக்குள் மருந்து செலுத்தியவள் நான். பன்னிரண்டு அறைக்கும் நிமிர்ந்து நடந்துபோய், "இதை இப்படி வைக்காதே, அப்படி வை" என்று ஒரு நாளாவது சொல்லிவிட வேண்டும். இந்த ஆசையை உங்களிடம்கூடச் சொன்னதில்லை. வீட்டில் வந்து சொன்னேன். உங்கள் தம்பி பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சொன்னார், "சூப்பர்வைசரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். தீவாளியோட நின்னுரு புள்ள. அப்பாவப் பாத்தியா, எலும்பும் தோலுமா ஆயிட்டாரு. வீட்ல ஆள் வேணும்."

எனக்கு வந்ததே கோபம். "தீவாளி வரைக்கும் விடுங்க. அதுக்குள்ள மாமா வயிறார ராச்சோறு திங்கலைன்னா நானே நின்னுக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உதறல் எடுத்தது. வேன் இறக்கிவிட ஆறரை, குளித்துத் தலை துவட்ட ஏழு. உங்களைப் போல நாலு அடுப்பில் ஏழு பாத்திரம் ஏற்ற என்னால் ஆகுமா?

காவ்யாதான் வழி காட்டினாள். ஏழாவது படிக்கிறாள், போனில் அவளுக்குத் தெரியாதது கிடையாது. "எம்மா, இங்கன பாரு. ஒரே சட்டிதான்" என்று ஒரு வீடியோவைக் காட்டினாள். யாரோ ஒரு வெள்ளைக்காரன், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முழுக் கறித்துண்டை இரும்புச் சட்டியில் போட்டுப் புரட்டுகிறான். குழம்பு இல்லை, கொதி இல்லை. கால் மணி நேரத்தில் தட்டுக்கு வந்துவிட்டது. அதன் பெயர் ஸ்டீக்காம். சட்டி நன்றாகப் புகைந்த பிறகுதான் கறியைப் போட வேண்டும் என்று அவன் சொன்னதைக் காவ்யா எனக்குத் தமிழில் சொன்னாள். கேட்டுக்கொண்டேனே தவிர, அந்த வார்த்தை எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. உங்கள் இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்து எண்ணெய் ஊற்றித் தீயைக் கூட்டினேன். உங்கள் தம்பியும் மாமாவும் காவ்யாவும் வேடிக்கை பார்க்க நிற்கிறார்கள். சட்டி புகைந்தது. கறியைப் போட்டேன், சடசடவென்று ஒரு சத்தம், அடுப்படி முழுக்கப் புகை. அப்புறம் நடந்தது எதுவும் நான் யோசித்துச் செய்ததில்லை. "வெளிய ஓடுங்க!" என்று என் வாய் தானாகக் கத்தியது. எல்லாரும் ஓடினோம். கம்பு ஊன்றி நடக்கிற உங்கள் அப்பா, கம்பைப் போட்டுவிட்டு எனக்கு முன்னால் போய்த் தெருவில் நின்றார்! உங்கள் தம்பி மட்டும் திரும்பி உள்ளே போனார். அடுப்படி வாசலில் அவர் வைத்திருக்கும் மணல் வாளி உங்களுக்குத் தெரியுமே, அதைத் தூக்கி அப்படியே சட்டியில் கவிழ்த்துவிட்டார்.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மூன்று வீடும் வெளியே வந்துவிட்டது. எதிர்வீட்டுப் பெரியம்மா மாரில் கையை வைத்துக்கொண்டு, "ஏத்தா, எந்தக் கம்பெனி வெடிச்சிருச்சு?" என்று கேட்கிறாள்.

"கம்பெனி இல்ல பெரியம்மா, கறி" என்றாள் காவ்யா.

அன்றைக்குத் தெரு சிரித்த சிரிப்பு இருக்கிறதே! நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே வந்து மணலுக்குள் கிடந்த கறியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன்.

விட்டேனா? கம்பெனியில் புகை வந்தால் ஓட வேண்டும், சட்டியில் புகை வந்தால் நிற்க வேண்டும். புத்திக்கு இது உடனே புரிந்துவிட்டது, காலுக்குத்தான் புரியவில்லை. அதனால் ஒரு வாரம் தினமும் குளித்துவிட்டு வந்து, வெறும் சட்டியில் எண்ணெயைப் புகையவிட்டுப் பக்கத்தில் நின்றேன். கால் வாசல் பக்கம் திரும்பும். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். உங்கள் தம்பி வாளியில் கையை வைத்தபடி வாசலில் நிற்பார்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, காவ்யா புகைகிற சட்டிப் பக்கம் வந்தாள். நான் சட்டென்று கையை நீட்டி மறித்து, "உள்ள வராத" என்றேன். சொன்ன மறுகணம் நீட்டிய கையைப் பார்த்தேன் மதினி. அது உங்கள் கை. நீங்கள் அடுப்படியைக் காவல் காக்கவில்லை, என்னைக் காத்தீர்கள். பயந்துபோய்ப் பதினாலு வருசம் மறித்தீர்கள். ஒரு தடவை வாய் திறந்து, "பயமா இருக்கு முத்து" என்று சொல்லியிருந்தால் எத்தனை சண்டை மிச்சமாகியிருக்கும்? ஆனால் ஒன்று, காவ்யாவை நான் மறித்தபடி நிற்கவில்லை. உள்ளே இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். அந்த ஒரு விசயத்தில் நீங்கள் செய்தது தப்புத்தான்.

இனிமேல் என் கைவரிசையைக் கேளுங்கள். ஏழாயிரம்பண்ணைக் கறிக்கடையில் இளம் வெள்ளாட்டுத் தொடைக்கறியைச் சுண்டுவிரல் கனத்துக்குத் தட்டையாக அறுத்து வாங்குகிறேன். "இப்படி யாரும் கேக்க மாட்டாகளே" என்று கடைக்காரர் முழித்தார். விசயத்தைச் சொன்னதும், "பப்பாளிக்காயை அரைச்சுத் தடவும்மா, பஞ்சா வெந்துரும்" என்று அவரே சொல்லிக் கொடுத்தார். குழவியால் நாலு தட்டு தட்டி, பப்பாளிக்காய், மிளகு, உப்பு தடவிக் காலையில் பிரிட்ஜில் வைத்துவிட்டு வேன் ஏறுவேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காவ்யா அதை வெளியே எடுத்து வைப்பாள். நான் குளித்து வந்து சட்டியைப் புகையவிட்டுக் கறியைப் போடுவேன். போட்டதை நோண்டக் கூடாது. மருந்து செலுத்துகிறவளுக்கு அதைச் சொல்லித்தரவா வேண்டும்? ஒரு பக்கம் சிவந்ததும் ஒரே புரட்டு. எடுத்து வைத்துவிட்டு, அதே எண்ணெயில் சின்ன வெங்காயம், பூண்டு, அவித்த உருளைக்கிழங்கு, கருவேப்பிலை. கடைசியில் காலையில் வடித்த சோற்றைப் போட்டு, சட்டியில் ஒட்டியதெல்லாம் சேர ஒரு பிரட்டு. இருபது நிமிசத்தில் சாப்பாடு தயார், கழுவுவதும் ஒரே சட்டிதான்!

முதல் தடவை சரியாக வந்த அன்று, மாமாவுக்குப் பல்லுக்குத் தோதாகக் கறியைக் கீற்றுக் கீற்றாக அறுத்து வைத்தேன். மென்றார். இன்னொரு துண்டு எடுத்தார். "இதுக்கு என்னத்தா பேரு?"

"ஸ்டீக்கு தாத்தா" என்றாள் காவ்யா.

"ஸ்டிக்கரா?"

"ஐயோ, ஸ்டீக்கு!"

"அட, ஸ்டிக்கர்னே இருக்கட்டும். சிவகாசி பிரஸ்ல நாப்பது வருசம் ஸ்டிக்கர் அறுத்தேன். ஒரு தடவ தின்னுட்டுப் போறேன்" என்றவர், சட்டியையே இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். அதில் இருந்த சோற்றை வழித்து வழித்துத் தின்றார். பார்த்துக்கொண்டே நின்ற உங்கள் தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்று சமாளித்தார்.

ஆனாலும் வேலையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டு இல்லை என்று சொல்லிவிட்டால்? இப்படியே தீபாவளிக்கு முந்தின வாரம் வந்துவிட்டது. ஒரு நாள் ஏழேகால் மணிக்கு, சரியாகச் சட்டியிலிருந்து முதல் துண்டு மாமா தட்டுக்குப் போன நேரம், போர்மேன் அண்ணனே பதில் கேட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். "என்ன செல்வம், முத்துமாரிய அனுப்புதீகளா? இல்லைன்னா வேற ஆளப் பாக்கணும்."

உங்கள் தம்பி தலையைச் சொறிந்தார். "அது வந்துண்ணே, வீட்ல அப்பா வேற..."

நான் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நிற்கிறேன். காது மட்டும் வாசலில் இருக்கிறது.

"ஏலே செல்வம், நீ சும்மா இருலே" என்றார் உங்கள் அப்பா. முதல் துண்டை வாயில் அதக்கிக்கொண்டே போர்மேன் பக்கம் திரும்பினார். "அவ வருவா. ஆனா ஆறு மணிக்கு வேன் கெளம்பிறணும், சொல்லிட்டேன். லேட்டாச்சுன்னா நானே அச்சங்குளத்துக்கு வந்துருவேன், தட்டோட!"

போர்மேன் அண்ணன் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுப் பெரியம்மா மறுபடியும் வெளியே வந்துவிட்டாள். அவருக்கும் ஒரு தட்டு வைத்தேன். சந்தோசத்தில் உருளைக்கிழங்கை இரண்டு கரண்டி கூடவே போட்டுவிட்டேன் மதினி.

தீபாவளி முடிந்து, போன திங்கட்கிழமை கம்பெனியைத் திறந்தார்கள். பன்னிரண்டு அறைக்கும் நிமிர்ந்து நடந்து போனேன். "இதை இப்படி வைக்காதே" என்று முதல் அறையிலேயே சொல்லிவிட்டேன், பொறுக்க முடியவில்லை. சாயங்காலம் வந்து இறங்கினால், அடுப்படியில் உங்கள் தம்பி நிற்கிறார். கையில் வாளி இல்லை, கரண்டி. "சட்டி சூடாயிருச்சு புள்ள, சீக்கிரம் குளிச்சிட்டு வா" என்கிறார். ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு குடிக்காத மனுசன்! நீங்கள் நம்ப மாட்டீர்கள், எதிர்வீட்டுப் பெரியம்மா சாட்சி.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். நான் இருக்கிறவரை உங்கள் அப்பா அரை வயிற்றோடு கை கழுவ மாட்டார். என் வேலையையும் நான் விட மாட்டேன். இரண்டில் எதையாவது கைவிட்டால் கனவில் வந்து நறுக்கென்று நாலு வார்த்தை கேளுங்கள். கைவிடாவிட்டாலும் சும்மாவாவது வந்து போங்கள் மதினி. சண்டை போட ஆளில்லாமல் வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது.

இப்படிக்கு,
பதினாலு வருசம் உங்கள் கையால் உண்டு, ஒரு தடவைகூட நன்றாயிருக்கிறது என்று சொல்லாத,
உங்கள் தம்பி பொண்டாட்டி
முத்துமாரி