மாமா படத்துக்கு நீ போட்ட கலர்

சேசு மரி சூசை துணை

சுங்காய்,
செவ்வாய்க்கிழமை

பிள்ளை கால்வினுக்கு அம்மா எழுதிக்கிறது. அப்பாவுக்கு சுகர் கொஞ்சம் இறங்கியிருக்கு, என் முட்டிவலி அப்படியேதான் இருக்கு, மத்தபடி எல்லாரும் சுகம்னு எழுத கை வரல. கடல் தாண்டி பெர்த்துல இருக்கிற நீ சுகமான்னு கேக்க வாயும் வரல. போன் இருக்க என்னத்துக்கு கடுதாசின்னு நினைப்பே. என் போன் போலீஸ் பாலாய்ல, அவங்க கையில இருக்கு. அப்பா போன் இருக்கு, ஆனா உன் முகத்தப் பாத்தா நான் இளகிப்போவேன், அதான்.

முக்குல கார் கழுவுற கடையில இருக்காரே பங்களாதேஷ்காரரு ஜமால், நான் அரிசிப்பையோட வந்தா ஓடி வந்து தூக்குவாரே, வெள்ளிக்கிழமை அவர வெட்டிட்டாங்க. வலது கையில ரெண்டு விரல் போச்சு, ஈப்போ ஆஸ்பத்திரியில கிடக்காரு. வெட்டினது யாருன்னு நினைக்கிற, பக்கத்து வீட்டு விமலா மகன் தனேஷ். இப்ப லாக்கப்புல இருக்கான். எஸ்டேட்ட வித்ததுலருந்து நம்ம சனம் மூலைக்கொன்னா சிதறிப்போச்சு, அதனால சாவுச் சேதி வந்தா கையில வச்சிருக்கப்படாது, உடனே தள்ளிவிடணும், அழுறதெல்லாம் அப்புறம்தான். அதுக்குன்னுதானே நீயே ஒரு வாட்சாப் குழு ஆரம்பிச்சுக் கொடுத்தே, எப்படி அனுப்புறதுன்னு என் விரலப் புடிச்சுக் காட்டினே. வெள்ளிக்கிழமை மத்தியானம் அதுல ஒரு பையன் படத்தக் கறுப்புக் கட்டம் கட்டிப் போட்டு ஒரு சேதி வந்துச்சு. நம்ம பையன் ஒருத்தன வெளிநாட்டுக்காரனுங்க அடிச்சுக் கொன்னுட்டானுங்க, மானமுள்ளவன் அஞ்சு மணிக்கு கார் கழுவுற கடைக்கு வான்னு. நான் கறுப்புக் கட்டத்தத்தான் பாத்தேன், கண்ணாடிகூட போடல. சிலுவை போட்டுக்கிட்டு நாப்பது பேருக்கு அனுப்பிட்டேன். தனேஷுக்கும் அனுப்பினேன். அது என் பாவம், அத நான் யார் தலையிலயும் கட்டல.

ஞாயித்துக்கிழமை ஈப்போலருந்து ஒரு போலீஸ் அம்மா வந்தாங்க, தமிழ் ஆளுதான், பொறுமையா பேசினாங்க. இந்தச் சேதியக் கிளப்பிவிட்ட கூட்டம் முதல்ல காலை வணக்கம்னு பூப்படம் அனுப்புமாம், அப்புறம் ஜோக்கு, அப்புறம் நம்ம வேலையெல்லாம் வெளிநாட்டுக்காரன் பறிச்சுட்டான்னு பொலம்பல், எவன் கோவமா பதில் போடுறானோ அவன மட்டும் தனியா இன்னொரு குழுவுக்கு இழுத்துக்குமாம். தனேஷ அப்படித்தான் ஆறு மாசமா இழுத்திருக்கு. ஒன்ன மூடினா வேற பேர்ல தொறக்குறானுங்களாம், அதனால நீங்கதான் கைய நிறுத்தணும், சாவுச் சேதின்னா அந்த வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டு அப்புறம் அனுப்புங்கன்னு சொன்னாங்க. நம்ம குழுவுல இப்ப அதான் சட்டம். சொல்லிட்டு, செத்ததா போட்ட பையன் யாருன்னு தெரியுமான்னு அந்தப் படத்தப் பெருசாக்கிக் காட்டினாங்க. கண்ணாடி போட்டுப் பாத்தேன் கால்வினு. லூமுட் படகுத்துறையில சிரிச்சுக்கிட்டு நிக்கிறான் என் தம்பி சவரிநாதன்.

நான் சித்தியவான்லருந்து கட்டிக்கிட்டு வந்தவ, இங்க அவன் முகம் யாருக்குத் தெரியும். இருபத்திரெண்டு வயசுல மோட்டார்ல போய் செத்தவன், உலகத்துலயே ஒரு படம்தான் உண்டு, அது என் பைபிளுக்குள்ள இருக்கு. மாமா படத்த அனுப்பும்மா கலர் போட்டுத் தாரேன்னு ஜனவரியில கேட்டியே, போன்ல புடிச்சு உனக்கு மட்டும்தானே அனுப்பினேன். ரெண்டு தரம் ஞாபகப்படுத்தினேன், வேலை இருக்கும்மான்னு சொன்னே. அட பாவி மகனே, இதுதானா அந்த வேலை? அவன் சட்டைக்கு மஞ்சள் போட்டிருக்க. அது நீலம்டா, நான் தச்ச சட்டை. செத்தவன இன்னொரு தரம் சாகடிச்சிட்டியே. நம்ம சனம் சாவுச் சேதிய நிறுத்தாதுன்னு அந்தக் கூட்டத்துக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும். நீ இருக்கிற ஊர்ல நீயும் வெளிநாட்டுக்காரன்தானே, அது உறைக்கலையா? உன்ன யாரு கெடுத்தான்னு மூணு நாளா யோசிக்கிறேன். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க.

போலீஸ் அம்மாகிட்ட தெரியாதுன்னு சொல்லிட்டேன். அன்னிக்கே விமலா வந்து எம் புள்ளைய எவனோ கெடுத்துட்டான்க்கான்னு என் தோள்ல சாஞ்சு அழுதா. நான் அவ முதுகத் தடவிக்கிட்டு நின்னேன். அதுக்கப்புறம் எனக்கு சோறு இறங்கல. நாளைக்குக் காலையில அப்பாவோட பாலாய்க்குப் போறேன், அந்தப் படத்தக் கொடுத்து உன் பேரச் சொல்லப்போறேன். இது உன் கைக்கு வரும்போது சொல்லி முடிச்சிருப்பேன். நீயும் அங்க போலீஸ்ல போய் உன்னோட யாரார் இருக்காங்கன்னு சொல்லிடு, ஓடாத.

வேளைக்குச் சாப்பிடு. ஜெபமாலைய எடு, தூசி தட்டு. மாதா உன்னக் கைவிடமாட்டா, நானும் விடல, அதனாலதான் போறேன். ஒன்னு மட்டும் ஞாபகம் வச்சுக்க. நாளைக்கு எனக்கே ஒன்னு ஆகி, நீ கறுப்புக் கட்டம் கட்டி என் படத்தப் போட்டாலும் இனி ஒருத்தரும் நம்பி வரமாட்டாங்க. நீ நேர்ல வந்து, வீடு வீடா ஏறித்தான் சொல்லணும்.

இப்பவும் உன் அம்மா,
ரோசரி