சுவருக்கு அந்தப் பக்கம் வைத்த வால்வு

என்னைத் தவிக்க விட்டுப் போன எஸ்தர் அப்பாவுக்கு,

நல்லா இருக்கீங்களா என்று கேட்க மாட்டேன். முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். நம் வீட்டு பாய்லருக்குத் தண்ணீர் போகிற வால்வை உங்கள் அக்கா வீட்டு அடுப்படியில் கொண்டுபோய் வைக்க எந்த மனுஷனுக்குத் தோன்றும்? தாராவி முழுக்கக் குழாய் போட்டவர் சொந்த வீட்டுக்கு இப்படியா போடுவீர்கள்?

அடுத்தடுத்த வீடுதானே, இரண்டுக்கும் ஒரே பாய்லர் போதும் என்றீர்கள். தண்ணீர்த் தொட்டி அவர்கள் பரணில், பாய்லரும் சுவிட்சும் நம் பரணில். பைப்பு சுவருக்குள்ளே எங்கே போகிறது, எங்கே வருகிறது, உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

உங்களை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்றே உங்கள் அக்கா, என் மதினி, "நீதாம்ளா அவன ஓய்வில்லாம வேலைக்கு வெரட்டுன" என்றார். அதோடு பேச்சு நின்றது. போன வாரம் சுடுதண்ணீரும் நின்றது. வேண்டுமென்றே எதையோ அடைத்துவிட்டார் என்று எனக்கு வயிறு எரிந்தது. நம் எஸ்தர் பிள்ளை பெற்று வீட்டுக்கு வரப்போகிறாள். வேளாவேளைக்கு அடுப்பில் கொதிக்க வைத்துத் தூக்க என் இடுப்பு தாங்குமா?

மாஹிமிலிருந்து வந்த பிளம்பர் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "மௌசி, யே லைன் கிஸ்னே டாலா?" என்று தலையில் கை வைத்தார். யார் போட்டது என்று நான் எந்த வாயால் சொல்ல? சுவரை உடைத்து இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாக லைன் பிரிக்க வேண்டும் என்று சுத்தியலை எடுத்தார்.

சத்தம் கேட்டு மதினியே வாசலில் வந்து நின்றார். "ஏளா, எம்மேல உள்ள கோவத்துல சுடுதண்ணிய நிறுத்துன. இப்ப சுவரயும் இடிக்கியா?"

"நானா? நீங்கல்லா நிறுத்துனீங்க!"

"பாய்லர் சுவிச்சு ஒன் வீட்டுலதான இருக்கு?"

பிளம்பர் மதினி வீட்டு அடுப்படிக்குப் போய்ப் பார்த்தார். பாத்திரத் தட்டுக்குப் பின்னால் ஒரு வால்வு. சொட்டுகிறதே என்று மதினிதான் இறுக்கி மூடியிருக்கிறார். அது எதற்கு என்று அவருக்கும் நீங்கள் சொல்லவில்லை. திறந்ததும் நம் பரணில் பாய்லர் கடகடவென்று நிறைந்தது.

"சின்னப் பிள்ளையிலயே இப்படித்தாம்ளா, எதையும் சொல்லாமச் செய்வான்" என்று சிரிக்க ஆரம்பித்தவர் அழுதுவிட்டார். நான் மட்டும் என்ன, சும்மாவா நின்றேன்?

ஏன் அங்கே வைத்தீர்கள்? பைப்பு மிச்சம் பிடிக்கவா? இல்லை, நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வோம் என்று தெரிந்தேவா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன?

சொட்டுகிற வால்வை மட்டும் மாற்றச் சொல்லிவிட்டேன். நான் இருக்கிறவரை அந்த லைனைப் பிரிக்க விடமாட்டேன். தண்ணீர் நின்றால் சுவரைத் தட்டிக் கத்துவேன், மதினியும் கத்தட்டும். உங்களோடு உள்ள சண்டையை, நானும் அங்கே வந்த பிறகு நேரில் வைத்துக்கொள்கிறேன்.

சுவரின் இந்தப் பக்கத்திலிருந்து,
உங்கள் எஸ்தர் அம்மா