ஒரு முறம் கடலை

என் மேல் கோபம் வந்தால் எருமையைத் திட்டிய அத்தைக்கு,

நமக்குள் நேரில் பேசும் வழக்கம் கிடையாது. மருமகன் எதிரே மாமியார் நின்று பேசக்கூடாது என்பது உங்கள் பக்கத்து மரியாதை. ஆறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் கொட்டகையில் நின்றுகொண்டு, என் காதில் விழும்படி எருமையிடம் சொன்னீர்கள். இப்போது நான் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. எனக்குக் கிடைத்த எருமை நான் வேலை பார்க்கும் இந்தப் பத்திரிகைதான். ஆசிரியர் மன்னிக்க வேண்டும்.

நீங்கள் கண்ணை மூடி நாலு மாதம் ஆகிறது. உங்கள் மகள் பாவாயி சுகம். யுத்தத்தால் மண்ணெண்ணெய் வருவதில்லை, காகிதமும் அப்படித்தான். நான் ஒரு பத்தி எழுதினால் கால் பத்தி அச்சாகிறது. உங்கள் லட்சுமி கன்று போட்டிருக்கிறது, கிடாரி. நெற்றியில் கொஞ்சம் வெள்ளை.

அந்த லட்சுமி வந்த கதையை வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சேவல்கட்டுப் பந்தயத்தில் பித்து. வீட்டிலிருந்த கறவை எருமையை ஒரு சேவல் சண்டையில் பந்தயமாக வைத்துத் தோற்றேன். பாவாயி தாய்வீட்டுக்குச் சொல்லி அனுப்பினாள். மூன்றாம் நாள் நீங்கள் வெண்ணந்தூரிலிருந்து உங்கள் எருமையை ஓட்டிக்கொண்டு ராசிபுரத்துக்கு நடந்தே வந்தீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைக் கொட்டகையில் கட்டிவிட்டுச் சொன்னீர்கள்: “லச்சுமி, நல்லாக் கேட்டுக்க. இந்த ஊட்டுல எருமையக்கூடப் பந்தயம் வெப்பாங்களாமா. உன்னய வெச்சா முட்டிப்போடு.”

அதன்பிறகு நீங்கள் எங்களோடேயே தங்கிவிட்டீர்கள். அன்றோடு நான் சேவல்கட்டுக்குப் போவதை நிறுத்தினேன். ஆனால் போக வேண்டும் என்ற துடிப்பு நிற்கவில்லை. எங்கோ ஒரு சேவல் கூவினால் வரும். காரணமே இல்லாமலும் வரும். வாய் உலரும், கால் ஓரிடத்தில் நிற்காது. குடையை எடுப்பேன், வைப்பேன். நீங்கள் அதைப் பார்த்துவிடுவீர்கள். ஒரு முறம் நிறையக் கடலைக்காய் என் பக்கம் நகர்ந்து வரும். “லச்சுமி, போறவங்கள ஆரு புடிச்சு வெச்சா? இந்த மொறத்த உரிச்சுக் குடுத்துப்போட்டுப் போவட்டும்.”

விதைக்கு என்பீர்கள், தோல் கீறக்கூடாது என்பீர்கள். வருஷத்தில் எந்த மாதமானாலும் அது விதைக்குத்தான்! அவசரப்பட முடியாது. முறம் காலியாகும்போது கட்டைவிரல் எரியும். குடையின் நினைவு போயிருக்கும். ஒரு முறம் போதாத நாட்களும் உண்டு. அன்று இரண்டாவது முறமும் வரும்.

என்னிடம் நேராக நீங்கள் பேசியது ஒரே ஒரு தடவை. கட்டுக்குப் போகாவிட்டாலும், எந்த ஊரில் எந்தச் சேவல் ஜெயிக்கும் என்று மனத்துக்குள் சொல்லிவைத்து, மறுநாள் விசாரிப்பேன். காசு வைக்காததால் அது சூதில்லை என்று நம்பினேன். ஒரு நாள் நான் நினைத்த சேவல் ஜெயித்ததாக யாரோ சொல்ல, தொடையைத் தட்டிச் சிரித்தேன். நீங்கள் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தீர்கள். “மாப்ள, மனசுல வெச்சாலும் வெச்சது வெச்சதுதானுங்க.” சொல்லிவிட்டு மறுபடி கதவுக்குப் பின்னால் போய்விட்டீர்கள். அன்று லட்சுமியே திரும்பிப் பார்த்தது என்று பாவாயி இன்னும் சொல்லிச் சிரிப்பாள்.

போன வாரம் மல்லசமுத்திரம் சந்தைக்குப் போனேன். கடலை விலை எழுதத்தான். சந்தைக்குப் பின்னால் புளியந்தோப்பில் சேவல்கட்டு. பழைய கூட்டாளி செங்கோடன் பார்த்துவிட்டான்.

“ஏனுங்க நிருபரே, மாமியா போயிட்டாங்களாமா? அப்ப லீவு உட்டாச்சுங்களா?”

“நான் எழுத வந்தவன் அப்பா.”

“எழுதறதுக்குமா எருமைகிட்டக் கேக்கோணும்? வாங்க, வந்து இதையும் எழுதுங்க.”

போனேன். எழுதத்தானே என்று குறிப்பேட்டைத் திறந்துகொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், ‘கறுப்புச் சேவல் வென்றது’ என்று என் கையெழுத்து. நிமிர்ந்தேன். இரண்டு சேவலுக்கும் இன்னும் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். சண்டையே ஆரம்பிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாகச் செய்தி எழுதுகிறேன் அத்தை. நடக்காததை எழுதியது அன்றுதான்.

கறுப்பே ஜெயித்தது. தோற்றிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். செங்கோடன் தோளைப் பிடித்து உலுக்கினான்: “கண்ணு அப்படியே இருக்குதுங்க உங்களுக்கு! அடுத்ததுக்குச் சொல்லுங்க, நானும் அதுலயே வெக்கறேன்.” என் கை மடியில் முடிந்திருந்த காசின் மேல் இருந்தது. அது எப்போது அங்கே போனது?

நீங்கள் இல்லை. முறத்தை நகர்த்த யாரும் இல்லை. நான் உண்மையில் விட்டவனா, உங்களுக்குப் பயந்து நின்றவனா என்று அங்கே எனக்கே தெரியவில்லை.

தோப்பை விட்டு வெளியே வந்தேன். சந்தை ஓரத்தில் ஒரு அம்மாள் கடலைக்காய் குவித்து வைத்திருந்தார். மடியிலிருந்த காசை அவரிடம் கொடுத்து, ஒரு முறம் நிறையக் கேட்டு வாங்கி, துண்டில் கொட்டி உரிக்க ஆரம்பித்தேன்.

“ஏனுங்க, உரிச்சு உரிச்சுப் போடறீங்க, ஒண்ணக்கூட வாயில போடலீங்களே?”

“விதைக்குங்க.”

“சந்தையில உக்காந்தா விதை உரிப்பாங்க? ஊட்டுல தொரத்தி உட்டுட்டாங்களா?”

பக்கத்தில் ஒரு வண்டிமாடு கட்டியிருந்தது. அதைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன்: “எனக்கு அங்க போகோணும்னு இருக்குது.” அந்த அம்மாள் சிரிப்பை நிறுத்தினார். தோப்புப் பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார். இன்னும் இரண்டு கை அள்ளி என் துண்டில் போட்டார்.

தோப்பில் இரண்டு தடவை ஆரவாரம் கேட்டது. எது ஜெயித்தது என்று நான் விசாரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பாவாயியிடம் குறிப்பேட்டைக் காட்டினேன். அந்த வரியை அடித்திருந்தேன், கிழிக்கவில்லை. அவள் படித்தாள். துண்டில் நான் கட்டி வந்த மூட்டையைப் பிரித்தாள். பருப்பைக் கையில் அள்ளிக்கொண்டு, கொட்டகைப் பக்கம் திரும்பினாள்: “லச்சுமி, ஒண்ணுலயும் தோல் கீறல, பாத்தயா?” குரல் அப்படியே உங்களுடையது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இனி அந்தத் துடிப்பு வராது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. வரும். வந்தால் முதலில் ஒரு முறம், போதாவிட்டால் இன்னொன்று. நீங்கள் இல்லாவிட்டாலும் நானே நகர்த்தி வைத்துக்கொள்வேன். மனசுக்குள்ளும் வைக்க மாட்டேன். வைத்துவிட்டால் அன்றே பாவாயியிடம் சொல்வேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு. அன்று உரித்த பருப்பு ஆடியில் மேட்டுக்காட்டில் விதையாகும். இந்த முறை நிஜமாகவே விதைக்குத்தான்.

இந்தக் கடிதம் அச்சாகி வந்ததும், பாவாயி அதைக் கொட்டகையில் நின்று உரக்கப் படிப்பாள். லட்சுமி கேட்டால் போதும். உங்கள் காதிலும் விழுந்துவிடும்.

கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கும்
உங்கள் மருமகன்