பச்சைக் கல்லுக்கு மெத்தென்ற வெள்ளி

என் வாயாடி நாத்தனார் மல்லிகாவுக்கு,

நீ ஜெயித்துவிட்டாய். "இதைச் சொல்ல நான் இல்லாத நேரமா பாத்தீங்க அண்ணி" என்று திட்டாதே.

உன் மகள் யமுனாவுக்குப் புனேயில் வேலை கிடைத்திருக்கிறது. இன்று சாயங்காலம் ரயில். உன் மோதிரத்துப் பச்சைக் கல்லை டாலராகப் போட்டுக்கொண்டுதான் போவேன் என்று ஒரே பிடிவாதம். யாருடைய பிடிவாதம் என்று கேட்கவும் வேண்டுமா?

நாம் இருவரும் நகை செய்த அதே மாடி அறையில், வழக்கம்போல வெள்ளி கெட்டியாக இருக்கச் செம்பு கலந்து, கல்லைப் பிடிக்க நான்கு நகங்கள் வைத்தேன். கல் அசையவில்லை. ஆனால் இரண்டே நாளில் அவள் கழுத்து சிவந்து தடித்துவிட்டது. அப்படியே உன் தோல்! அடுத்து, செம்பே சேர்க்காமல் சுத்த வெள்ளியில் செய்தேன். தடிப்பு வரவில்லை, ஆனால் துப்பட்டா மாட்டி இழுத்ததும் மெத்தென்ற நகம் விரிந்து, கல் போய் தோசை மாவில் விழுந்தது. மாவை வடிகட்டித் தேடினோம்.

"அங்க போய் உயுந்துச்சுன்னா எங்கன்னு தேடுவேன் அத்தே? அம்மாது இது ஒண்ணுதான் கீது" என்று அழுதாள்.

இன்று காலை அரம் தேடி உன் கருவிப் பெட்டியைக் கவிழ்த்தேன். அடியில் நீ செய்த அந்தக் கண்ணாடி மணி டாலர். ஞாபகம் இருக்கிறதா? நகமே வைக்காமல், சுத்த வெள்ளித் தகட்டைச் சுற்றிலும் வளைத்து, விளிம்பை மணியின் மேல் அழுத்தி மடக்கியிருந்தாய். "மெத்துனு கீறதுதான் அண்ணி நல்லா கட்டிப் புடிக்கும்" என்றாய். நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "போடி, கல்லுக்குத் தொட்டில் கட்டிகினு கீறே" என்று பெட்டிக்குள் போட்டேன். எவ்வளவு திமிர் எனக்கு!

நீ போய் இரண்டு வருஷம். அரத்தோடும் சுத்தியலோடும் கிடந்து உருண்டும் மணி இம்மியும் அசையவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினேன். பச்சைக் கல்லைச் சுற்றிச் சுத்த வெள்ளித் தகட்டைத் தள்ளித் தள்ளி மடக்கினேன். வெள்ளி சொன்னபடி கேட்டது மல்லி!

யமுனா அதை மாட்டிக்கொண்டு மேனாம்பேட்டுத் தெருவில் குதிகுதி என்று குதித்தாள். பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, "இன்னாம்மா, பூச்சி எதுனா கடிச்சிடுச்சா?" என்று கேட்டார். கல் விழவில்லை. நான்தான் அழுதுவிட்டேன்.

அன்றைக்கே என் கையைப் பிடித்து உட்காரவைத்துக் காட்டியிருக்கக்கூடாதா நீ?

உன் கண்ணாடி மணியை நான் போட்டுக்கொண்டேன். இனி யார் எதைச் செய்து நீட்டினாலும், கையில் வாங்கிப் பார்க்காமல் பெட்டிக்குள் போடமாட்டேன். உன்மேல் சத்தியம்.

உன்னிடம் சந்தோஷமாகத் தோற்றுப்போன,
உன் அண்ணி