ஒண்ணும் கஷ்டமில்ல சார்

அல் ஐன்,
9 மார்ச் 2025, ஞாயிறு.

கர்த்தருக்குள் பிரியமான ஜெபகனி மைனிக்கு,

டெல்சி எழுதுவது. நான் சுகம். நீங்களும் ஜெகினும் பாப்பாவும் சுகமாயிருக்க இந்த லெந்து தவக்காலத்தில் தனியாக ஜெபிக்கிறேன்.

கையில் போன் இருக்க இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். உங்கள் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் கிடக்கிறது. பாதிப் பேச்சில் பாப்பா பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுகிறாள். அதோடு, போனில் சொன்னால் நீங்கள் அழுவீர்கள், நானும் அழுவேன், விஷயம் அந்தரத்தில் நின்றுவிடும். எங்கள் ஆஸ்பத்திரி லேபில் இருக்கும் சேதுமாதவன் லீவில் ஊருக்கு வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அண்ணனுக்குத் தெரியாது. தெரிந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

நீங்கள் அனுப்பிய கருப்பட்டி உடையாமல் வந்து சேர்ந்தது. அதில் பாதியை அண்ணன் மார்ச்சுவரியில் தன்னோடு வேலை பார்க்கும் கலீலுர் ரஹ்மான் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். ஏன் கொடுத்தார் என்பதும் இந்தக் கடிதத்தில் வரும்.

முதலில் அவசரமானது. குடும்பத்தோடு இங்கே வரப்போகிறோம் என்று நம்பி, பள்ளிக்கூட வேலையை விடுவதாக நீங்கள் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ஜெகினுக்கு டி.சி. கேட்கவும் வேண்டாம். அண்ணனுக்கு கிரேடு ஏறவில்லை மைனி. ஒரு படி இறங்கிவிட்டது. குடும்பத்தோடு இருக்கிற குவார்ட்டர்ஸ் அதற்கு மேலுள்ள கிரேடுக்குத்தான். ‘பேப்பர் நகருது, கொஞ்சம் லேட்டாகும்’ என்று அவர் உங்களிடம் சொல்லிக்கொண்டிருப்பார். பேப்பர் எங்கேயும் நகரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் அரசு ஆஸ்பத்திரியில் இந்த வருஷம் எல்லா வேலைகளையும் புதிதாக மதிப்பிட்டார்கள். இதில் ஆளுக்கு மார்க் கிடையாது, வேலைக்குத்தான். அந்த இடத்தில் யார் இருந்தாலும் சரி, அதற்கு என்ன படிப்பு வேண்டும், எவ்வளவு பொறுப்பு, உடம்புக்கு எவ்வளவு பாடு, மனதுக்கு எவ்வளவு பாடு, எப்படிப்பட்ட இடத்தில் நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டு, கூட்டி, கிரேடு வைக்கிறார்கள். அதற்காக நானே துபாயில் பயிற்சி எடுத்து நர்ஸ்களுக்கான குழுவில் உட்கார்ந்தேன். முறையே மோசம் என்று சொல்லமாட்டேன். என் வார்டிலேயே பல பெண்களுக்கு அதனால் கிரேடு ஏறியது. ஆனால் அந்தக் குழு வந்து பார்க்காது. கூப்பிட்டுக் கேட்கும், சொன்னதை எழுதிக்கொள்ளும். சொல்லாதது இல்லாதது.

கூடப்பிறந்தவர் என்பதால் அண்ணனின் வேலையை மதிப்பிட்ட குழுவில் என்னைச் சேர்க்கவில்லை. அதனால் முன்கூட்டியே கேன்டீனில் உட்காரவைத்துப் படித்துப் படித்துச் சொன்னேன். கஷ்டத்தைக் கேட்டால் கஷ்டத்தைச் சொல்லணும், வெட்கப்படக் கூடாது என்றேன். அவர் சிரித்தார். ‘நம்ம கஷ்டத்தப் போயி ஆபீசர்ட்ட சொல்லுவாங்களாட்டி? இவனால முடியலன்னு ஆளையே மாத்திருவாம், பாத்துக்க’ என்றார். முதன்முதலில் இங்கே வந்து கம்பெனியின் தொழிலாளர் கேம்ப்பில் இருந்தபோது கற்றது அது. அங்கே கஷ்டம் என்று வாய்திறந்தவனுக்கு அடுத்த வாரமே ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுவார்களாம். அந்தப் பயம் இன்னும் அவர் உடம்பை விட்டுப் போகவில்லை.

குழுவில் மூன்று பேர் இருந்திருக்கிறார்கள். அண்ணனின் சூப்பர்வைசர் பத்மநாபன் சாரும் உடன் இருந்தார், அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மனதைப் பாதிக்கிற விஷயங்கள் இந்த வேலையில் எவ்வளவு வருகின்றன என்று கேட்டார்களாம். அண்ணன் எழுந்து நின்று, ‘ஒண்ணும் கஷ்டமில்ல சார், நோ ப்ராப்ளம், பழகிட்டு’ என்றிருக்கிறார். அதோடு நிறுத்தினாரா? ‘மத்த வார்டு மாதிரி இல்ல சார், என் பேஷன்ட் யாரும் பெல் அடிக்கிறதில்ல, சத்தம் போடுறதில்ல’ என்று ஜோக் வேறு. எல்லாரும் சிரித்தார்களாம். சிரித்துவிட்டு, மனதுக்கு எவ்வளவு பாடு என்ற இடத்தில் இருப்பதிலேயே குறைந்த மார்க்கைப் போட்டார்கள். நோயாளியைப் பராமரிக்கிற பொறுப்புக்கு ஒன்றுமே இல்லை. இறந்தவர் நோயாளி அல்ல என்பது விதி.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர்கள் மேல் பாதி, அண்ணன் மேல் பாதி.

கொடுமை இதோடு முடியவில்லை. கிரேடு வேலைக்குத்தானே? அந்த வேலையில் இருப்பது இரண்டு பேர். கலீலுர் ரஹ்மான் அன்று கீழக்கரைக்கு லீவில் போயிருந்தார். அண்ணன் சொன்ன பதில் அவருக்கும் சேர்த்துப் பதிலாகிவிட்டது. அவர் மனைவி உம்மு சல்மாவும் பிள்ளைகளும் இங்கே குவார்ட்டர்ஸில் இருக்கிறார்கள். பரீட்சை முடிந்ததும் காலி செய்ய வேண்டும். அந்தப் பெண் அண்ணனை ஒரு சொல் சொல்லவில்லை. நோன்புக்கஞ்சி காய்ச்சினால் வழக்கம்போல அண்ணனுக்கும் ஒரு பாத்திரம் அனுப்புகிறாள். அவர் அதை வாங்கி வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். வாயில் வைக்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடச் சாப்பிட்டிருப்பார்.

மைனி, அந்த வேலையைப் பற்றி அவர் உங்களிடம் என்ன சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். குளுகுளு ஏசி, யாரும் குரல் உயர்த்துவதில்லை, ராஜா மாதிரி இருக்கிறேன் என்று. நான் பார்த்ததைச் சொல்கிறேன். கட்டட சைட்டில் விழுந்தவர்கள், ரோட்டில் அடிபட்டவர்கள், கேம்ப்பில் தூக்கத்திலேயே போனவர்கள், எல்லாரும் முதலில் இவர்கள் இரண்டு பேர் கைக்குத்தான் வருகிறார்கள். உடம்பு ஊருக்குப் போக நாளாகும். அதற்குள் வீட்டார் முகத்தைக் காட்டச் சொல்லி அழுவார்கள். அண்ணன் மண்ணைத் துடைத்து, வாயை மூடி, தலை வாரி, அடிபட்ட பக்கம் தெரியாமல் துணியை இழுத்துவிட்டு, போனைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பத்மநாபன் சார் அனுமதித்ததுதான், ஆனால் எந்த விதியிலும் இல்லாத வேலை. ஒருநாள் நான் பக்கத்தில் இருந்தேன். நம் பக்கத்துத் தாய் ஒருத்தி, ‘எம் புள்ள ரொம்பத் துடிச்சானாய்யா’ என்று கேட்டாள். அண்ணன், ‘ஒண்ணும் கஷ்டப்படலம்மா, தூங்குற மாதிரிதான் இருந்தான்’ என்றார். துணிக்குக் கீழே என்ன இருந்தது என்று நான் பார்த்தேன். அதை எழுதமாட்டேன்.

எல்லாத் தாய்மாருக்கும் அவர் சொல்வது அதுதான். குழுவுக்கும் அதையே சொன்னார். உங்களுக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன லீவில் வந்தபோது பாப்பாவைத் தூக்கவே மாட்டேன் என்கிறார், பெற்ற பிள்ளையைக் கண்டு விலகி விலகிப் போகிறார் என்று என்னிடம் குறைப்பட்டீர்களே? அவர் விமானம் ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் இங்கே ஒரு கார் விபத்து. பாப்பா வயதுப் பிள்ளை. அண்ணன்தான் துடைத்து, பின்னல் போட்டு, தகப்பன் கையில் கொடுத்தார். அந்தக் கையால் பாப்பாவைத் தொட அவருக்கு மனம் வரவில்லை. இதை அவர் எனக்கும் சொல்லவில்லை, கலீலுர் ரஹ்மான் சொன்னார்.

இப்போது வழி ஒன்று மீதமிருக்கிறது. நோன்பு முடிவதற்குள் அப்பீல் செய்யலாம். போனில் முகம் காட்டுவது தன் அனுமதியோடு நடப்பது என்று பத்மநாபன் சார் கையெழுத்துப் போடுகிறார். கலீலுர் ரஹ்மானும் வந்து பேசுவார். ஆனால் முதலில் பதில் சொன்னவர் அண்ணன். அவரே வந்து, அன்று சொன்னது சரியல்ல, உண்மை இது என்று சொல்ல வேண்டும். மாட்டேன் என்கிறார். ‘சொன்னது சொன்னதுதாம்ட்டி, நீ உன் சோலியப் பாரு’ என்கிறார். அது வீம்பு இல்லை மைனி. ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் எல்லாம் வந்துவிடும் என்று பயப்படுகிறார். முன்பின் தெரியாத மூன்று பேர் முன்னால் அழ அவரால் முடியாது. உங்கள் முன்னால் முடியலாம்.

அதனால் கேட்கிறேன். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, ஸ்பீக்கரை அணைத்துவிட்டு அவரைக் கூப்பிடுங்கள். கிரேடைப் பற்றியோ குவார்ட்டர்ஸைப் பற்றியோ பேச வேண்டாம். அந்தப் பின்னல் போட்ட பிள்ளையைப் பற்றிக் கேளுங்கள். ஒண்ணுமில்ல என்றுதான் சொல்வார். அவர் அப்படிச் சொன்னதும் நாம் எல்லாரும், நான் உட்பட, நிம்மதியாகப் போனை வைத்துவிட்டோம். இந்தத் தடவை வைக்காதீர்கள் மைனி. அவர் பேசாமல் இருந்தாலும் காதிலேயே வைத்திருங்கள்.

கர்த்தர் உங்களுக்குப் பொறுமையும் அவருக்கு வாயும் தருவாராக. பாப்பாவுக்கு என் முத்தம்.

உங்கள் அன்பு நாத்தனார்,
டெல்சி